புதுப்பிப்பு: மதியத்தில் மட்டும் தூங்கும் ஒளி-ஒலிச் சிற்பம்

ஆள் கிட்டே வந்தால் விளக்கெரிந்து மணியடிக்கும் எங்கள் சத்துவாச்சாரி மூங்கில் சிற்பம், மதியம் மட்டும் யாரையும் கண்டுகொள்வதில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். காரணம் நம்ம வேலூர் வெயில்தான். அதிலிருந்த பிஐஆர் சென்சார், உடல் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்தே ஆளை அறியும். தகர ஷெட்டுக்குள் அனல் ஏறினால் மனுசனும் சுவரும் அதற்கு ஒன்றுதான்.

இப்போது அல்ட்ராசானிக் சென்சார் மாட்டியாச்சு. காதுக்குக் கேட்காத 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடும். தூரம் தெரிவதால் இன்னொரு லாபம்: நெருங்க நெருங்க நீலம் சிவப்பாகிறது, சுருதியும் ஏறுகிறது. பிள்ளைகள் முன்னும் பின்னும் நகர்ந்து சரிகம தேடுகிறார்கள். கேட்கச் சகிக்கவில்லை, ஆனால் நிறுத்தவும் மனசில்லை.

கம்பளி போர்த்தியவர்களிடம் மட்டும் எதிரொலி சரியாகத் திரும்புவதில்லை. அது மார்கழிக் கவலை, அப்புறம் பார்க்கலாம்.