மறு: டபுள் ஹீலிக்ஸுக்கு 'இரட்டை வலம்புரி' சரிவருமா?

> 'இரட்டைச் சுருள்' தட்டையாக ஒலிக்கிறது. 'இரட்டை வலம்புரி' என்றால் முறுக்கின் திசையும் சேர்ந்தே வந்துவிடுமே?

அன்புள்ள ஐயா,

உயிரணுவில் மரபுச் செய்தியைச் சுமக்கும் மூலக்கூறான டிஎன்ஏவின் ஈரிழை முறுக்கு வடிவம்தானே டபுள் ஹீலிக்ஸ்; அதற்குச் 'சுருள்' என்பதில் எனக்கும் அதே குறைதான். பாயைச் சுருட்டினாலும் சுருள், விண்மீன் திரளின் கையும் சுருள். (சுருள்வில்லில் மட்டும் அது மேலே ஏறுகிறது, மறுக்கவில்லை.) 'புரி' கயிறு திரித்தவர்களின் சொல், இழைகள் ஒன்றையொன்று தழுவி முறுக்கேறி நிற்பது. 1953 ஏப்ரலில் வாட்சனும் கிரிக்கும் நேச்சர் இதழில் காட்டியதும் அதுதானே? ஒரே அச்சைச் சுற்றி இரண்டு இழைகள், ஒரு சுற்றுக்கு 34 ஆங்ஸ்ட்ராம் (மீட்டரின் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ராம்). அதற்கு இரண்டு மாதம் முன்பு வேதியியலாளர் பாலிங் டிஎன்ஏவுக்கு முன்வைத்துத் தவறிப்போன மூன்றிழை மாதிரியைத் தயங்காமல் 'முப்புரி' எனலாம்.

சிக்கல் 'வல'த்தில் இருக்கிறது. திருகாணியை நிமிர்த்திப் பிடித்தால் முன்பக்க மரை இடமிருந்து வலமாக ஏறும். வழக்கமான டிஎன்ஏவும் அப்படியே. ஆனால் வலம்புரிச் சங்கை விலங்கியலார் இடச்சுழி ஓடு என்கிறார்கள்! நம் முன்னோர் வாய்ப்பக்கமாகப் பார்த்து வலம் என்றார்கள். முறுக்கு என்னவோ டிஎன்ஏவின் கண்ணாடிப் பிம்பம். போதாததற்கு, 1979-இல் தெரியவந்த இசட் வகை டிஎன்ஏ இடப்பக்கம் திருகியது. அதை 'இடப்பக்கம் திரும்பிய இரட்டை வலம்புரி' என்றா எழுதுவது?

அதனால் 'இருபுரி' போதும். திசை வேண்டிய இடத்தில் வலத்திருகு, இடத்திருகு என்று முன்னால் சேர்த்துக்கொள்வோம்.

இன்னொரு வசதியும் உண்டு. ஒரு கயிற்றை எடுத்து முறுக்குக்கு எதிராகத் திருகிப் பாருங்கள், புரி நெகிழ்ந்து நடுவில் கண் விடும். உயிரணு பிரியுமுன் டிஎன்ஏவிலும் இதுதான் நடக்கிறது. அவிழ்ந்த ஒவ்வோர் இழையும் வார்ப்பச்சாகி, அதிலுள்ள நான்கு வகைக் காரங்களில் அடினினுக்கு எதிரே தைமினும் குவானினுக்கு எதிரே சைட்டோசினும் வந்து அமர, ஒன்று இரண்டாகிறது. மரபு எப்படிக் கைமாறுகிறது என்ற பழைய கேள்விக்கு வடிவத்திலேயே விடை இருந்ததால்தான் உயிரியல் அத்தனை வேகமாகத் திசை மாறியது. அவிழ்க்கும் ஹீலிகேஸ் நொதியைப் 'புரியவிழ்ப்பி' எனலாம். சுருளை வைத்துச் சொல் கட்டினால் 'சுருள்நீக்கி' என்று முடிக்குத் தடவும் எண்ணெய் போல ஆகிவிடும்.

ஒரு குறை: 'கயிற்றில் ஒரு புரி அறுந்தது' என்று தனி இழையையும் புரி என்பார்கள். நம் கலைச்சொல் பட்டியலில் தனி இழைக்கு 'இழை' மட்டும் என்று வரையறுத்துவிட்டால் சரி.

அப்புறம், ஆன்டிபேரலல்? ஓர் இழை மேல்நோக்கி, மற்றது கீழ்நோக்கி. 'எதிரிணை' என்று குறித்து வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. வேறு யாரிடமாவது இருக்கிறதா?