குரல் நாணா, குரல்மடலா? குரல் நோய்க் கையேட்டுக்கான சொற்கள்

குழுமத்தாருக்கு வணக்கம்.

வேலூர் வட்டாரத்து மக்களுக்காகக் குரல் நோய்களைப் பற்றி ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் என்னைப் போன்ற பேச்சுப் பயிற்சியாளர்களும் சேர்ந்து எழுதும் அந்தக் கையேட்டில் முதல் பக்கத்திலேயே ஒரு சொல் இடறுகிறது. குரல்வளைக்குள் அதிர்ந்து குரல் எழுப்பும் பகுதிக்குப் பாடநூல்களில் உள்ள "குரல் நாண்" என்ற பெயரை அப்படியே வைத்துக்கொள்வதா, மாற்றுவதா என்பது கேள்வி. மாற்றிவிட்டு "குரல்மடல்" என்று எழுதலாம் என்பது என் முன்மொழிவு.

நாண் என்னும் பெயர் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். 1741இல் பிரான்சு நாட்டு உடற்கூற்றறிஞர் அந்துவான் ஃபெரேன், இறந்த உடலிலிருந்து எடுத்த குரல்வளைக்குள் காற்றை ஊதி ஒலி எழுப்பிப் பார்த்தார். உள்ளே இருப்பவை இசைக்கருவியின் தந்திகள் என்றும், நுரையீரலிலிருந்து வரும் காற்று அவற்றை மீட்டும் வில் என்றும் முடிவுகட்டி, அவற்றுக்குக் கயிறு என்று பொருள்படும் பெயரை இட்டார். நம் நாண் அந்தக் கயிற்றின் பேரப்பிள்ளை. உண்மையில் அங்கே கயிறு எதுவும் கட்டப்பட்டிருக்கவில்லை. குரல்வளையின் இரு பக்கச் சுவர்களிலிருந்தும் உள்நோக்கி நீண்டு, முன்புறம் ஒன்றாய்க் கூடி, பின்புறம் விரிந்து சேரும் இரண்டு சதைப் பகுதிகளே அங்கு உள்ளன. நீளம் ஆண்களுக்கு ஏறத்தாழ 17 முதல் 25 மில்லிமீட்டர். பெண்களுக்கு அதைவிடக் குறைவு. உள்ளே தசை, அதன்மேல் தசைநார், அதற்கும் மேலே கூழ்போன்ற மென்மையான ஓர் அடுக்கு, எல்லாவற்றையும் போர்த்திய மெல்லிய தோல். ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ 1974இல் விளக்கியபடி, உட்பகுதியின் மேல் இந்த மேலுறை தனியே நழுவி அலைபாய்வதால்தான் குரல் பிறக்கிறது. குரல் நோய்களில் பெரும்பாலானவை இந்த அலையைக் கெடுப்பவை. அடுக்கும் விளிம்பும் மேற்பரப்பும் இல்லாத "நாண்" என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த நோய்களை விளக்கப் புகுந்தால், ஒவ்வொரு வாக்கியத்திலும் அந்தச் சொல்லோடு சண்டையிட வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் யாரும் நாண் என்று சொல்வதும் இல்லை. "தொண்டை நரம்பு" என்பார்கள். சித்திரை, வைகாசி மாதங்களில் ஆற்காடு, ஆரணி, செய்யாறு வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாக்கள் நடக்கும்போது, இரவு முழுதும் திறந்த வெளியில் உச்சக் குரலில் பாடும் கூத்துக் கலைஞர்கள் குரல் கம்மிப்போய் வருவார்கள். "தொண்ட நரம்பு அந்துட்ச்சாங்க?" என்பதே அவர்களின் முதல் கேள்வி. பழந்தமிழில் நரம்பு என்பது யாழின் தந்தி என்பதால், அந்த வழக்கில் ஓர் அழகு இருக்கிறது. ஆயினும் கையேட்டில் அதை ஏற்க முடியாது. குரல்வளையை இயக்கும் நரம்பு வேறு, அதன் நோயும் வேறு. இடப்பக்க நரம்பு கழுத்து வழியாக மார்புக்குள் இறங்கி, இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனி வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறி வருகிறது. அதனால் நுரையீரல் புற்று, காசநோயால் மார்பில் வீங்கிய நிணநீர் முடிச்சு, தமனி வீக்கம் ஆகியவை கூட முதலில் குரல் கம்மலாகத் தலைகாட்டலாம். தைராய்டு அறுவையிலும் இந்த நரம்பு பாதிக்கப்படலாம். இரண்டையும் "நரம்பு" என்றே எழுதினால், பாடிப் பாடித் தொண்டை கட்டியவரும் மார்பைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டியவரும் ஒரே பக்கத்தைப் படித்துவிட்டுப் போவார்கள்.

"குரல் மடிப்பு" என்று சிலர் எழுதுகிறார்கள். வேட்டியிலும் வயிற்றிலும் விழுவதை மடிப்பு என்கிறோம். "உங்கள் குரல் மடிப்பில்" என்று தொடங்கினாலே, இல்லாத ஏதோ ஒரு சுருக்கம் தனக்கு விழுந்துவிட்டதாகக் கேட்பவர் நினைப்பார். "குரலிதழ்" அழகான சொல்தான். ஆனால் பேச்சொலிகளின் பிறப்பை விளக்கும்போது இதழ் என்பது உதட்டைக் குறிக்கும் சொல்லாகத் தொல்காப்பியக் காலத்திலேயே வேலை செய்துகொண்டிருக்கிறது; அதே துறைக்குள் அதற்கு இரண்டாவது வேலையைத் தர வேண்டாம். மடல் என்றால் ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் விளிம்போடு நிற்பது. காதுமடல் என்ற சொல் எல்லோர் வாயிலும் இருக்கிறது. மடலின் விளிம்பு, மடலின் மேலுறை, மடல்கள் கூடுகின்றன, மடல்களுக்கு இடையில் காற்று கசிகிறது என்று இயல்பாக எழுத முடிகிறது.

அடுத்து நோய்ப் பெயர்கள். ஓயாமல் உரத்துப் பேசும் ஆசிரியர்களுக்கும் கத்தி விளையாடும் சிறுவர்களுக்கும், இரு மடல்களிலும் நேருக்கு நேராக, முன்புற மூன்றிலொரு பங்கு முடியும் இடத்தில், சிறு தடிப்புகள் உண்டாகின்றன. மடல்கள் அதிர்ந்து மோதும் வேகம் அங்கேதான் மிகுதி. இவற்றை "முடிச்சு" என்றும் "கட்டி" என்றும் எழுதிவருகிறோம். கட்டி என்ற சொல்லைக் கேட்டதும் நோயாளியின் முகம் மாறிவிடுகிறது. அதன்பின் நாம் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறுவதில்லை. எனவே "காய்ப்பு" என்று முன்மொழிகிறேன். குடியாத்தத்து நெசவாளியின் கையில் உராய்ந்து உராய்ந்து ஏற்படுகிற காய்ப்பு எப்படியோ அப்படி என்றால், வந்தது ஏன் என்பதும், உராய்வைக் குறைத்தால் தணியும் என்பதும் சொல்லிலேயே விளங்கிவிடும். மருத்துவமும் அதுதான்: குரல் பயிற்சி முதலில், பயிற்சிக்குப் பின்னும் தணியாத சிலருக்கே அறுவை. பெரும்பாலும் ஒரே மடலில், சில சமயம் ஒரே ஒரு கூச்சலுக்குப் பின் இரத்தம் கசிந்து, மொட்டுப்போல் வளரும் பாலிப் வேறு வகை. அதை "சதைமொட்டு" எனலாம். நுண்ணோக்கியின் துணையோடு அதை நீக்க வேண்டிவருவது அடிக்கடி நிகழ்கிறது. நெடுநாள் பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு மேலுறைக்கு அடியில் கூழ் சேர்ந்து மடல் முழுதும் ஊதிக்கொள்வதை "மடல் வீக்கம்" என்றே எழுதலாம். அதற்குப் புகையை விடாமல் எந்த மருத்துவமும் நிலைக்காது.

உங்கள் கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

வேலூர்ப் பேச்சுப் பயிற்சியாளர்

•

அம்மா, வணக்கம்.

நாண் வேண்டாம் என்பதில் எனக்கும் உடன்பாடே. ஆனால் குரல்மடல் என்பதில் இரண்டு தடைகளைக் காண்கிறேன். நம் குழுமத்திலேயே கடிதத்தை மடல் என்கிறோம். தொலைபேசியில் பதிவாகும் குரல் செய்தியைக் "குரல்மடல்" என்று எழுதியவர்கள் உண்டு. மேலும் நுரையீரல், மூளை ஆகியவற்றின் பகுதிகளையும் மடல் என்றே பாடநூல்கள் சொல்கின்றன. தொண்டையைக் குறிக்கும் மிடறு என்ற பழஞ்சொல்லைச் சேர்த்து "மிடற்றுமடல்" என்று வைத்தால் இரண்டு குழப்பமும் தீரும். மிடற்றுப் பாடல் என்ற வழக்கும் நமக்கு இருக்கிறது. இன்னொன்று: ஒரு மடல் அசையாமல் நின்றுவிடும் நோய்க்கு நீங்கள் பெயர் சொல்லவில்லை. "மடல்வாதம்" எனலாமா?

ஆரணியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

•

ஐயா, வணக்கம்.

மிடறு எனக்கும் பிடித்த சொல். எனினும் இன்று அது "ஒரு மிடறு தண்ணீர்" என்ற தொடரில் மட்டுமே உயிரோடு இருக்கிறது. எங்களிடம் வருபவர்களில் பலர், விழுங்கும் நீரும் கஷாயமும் நேரே குரல்வளையை நனைக்கின்றன என்றே நம்புகிறார்கள். அதிமதுரமும் பனங்கற்கண்டும் தொண்டைக்கு இதமானவைதாம். ஆனால் விழுங்கும்போது மூச்சுப்பாதை மூடிக்கொள்வதால் அவை மடல்களைத் தொடுவதேயில்லை. விழுங்குவதை நினைவூட்டும் சொல்லை இங்கே வைத்தால் அந்த நம்பிக்கைக்கு நாமே உரம் போட்டதாகும். குரல் செய்தியைப் பொறுத்தவரை, மக்கள் அதை வாய்ஸ் மெசேஜ் என்றே சொல்கிறார்கள். குரல்மடல் என்பது நம்மைப் போன்ற சிலரின் அகராதியில்தான் உறங்குகிறது. மூளைமடலும் நுரையீரல் மடலும் முன்னொட்டால் பிரிந்து நிற்கும்.

"வாதம்" வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பக்கவாத அச்சம் ஒருபுறமிருக்க, அதில் மருத்துவப் பிழையும் ஒளிந்திருக்கிறது. மடல் அசையவில்லை என்பதுதான் நாம் கண்ணால் காண்பது. நரம்பு செயலிழந்ததால் அசையாமல் இருக்கலாம். நரம்பு நன்றாக இருந்தும் மடலின் பின்முனையில் உள்ள சிறு மூட்டு இறுகியதால் அசையாமல் இருக்கலாம். புற்று பற்றியதாலும் இருக்கலாம். காரணம் தெரியும் முன்பே காரணத்தைப் பெயரில் ஏற்றுவது தவறு. "மடல் அசைவின்மை" போதும். நரம்பு தானே மீளுமா என்பதற்குச் சில மாதங்கள், சில வேளை ஓராண்டு வரை, பொறுத்துப் பார்ப்பது வழக்கம். அதற்கிடையே குரல் பயிற்சியும், மடலைத் தற்காலிகமாகப் பருமனாக்கும் ஊசியும் உண்டு. மீளாவிட்டால் குரல்வளைக் குருத்தெலும்பில் சிறு சாளரம் திறந்து, மடலை நடுக்கோட்டுக்குத் தள்ளிவைக்கும் அறுவை உண்டு. இஷிகி என்ற ஜப்பானிய மருத்துவர் 1974இல் வகைப்படுத்திக் காட்டிய அறுவைகளில் இது முதலாவது.

மடல்களைப் பார்க்க உதவும் கருவியின் பெயரைப் பற்றி யாரும் பேசவில்லை. 1854இல் மானுவெல் கார்சியா என்ற பாட்டு ஆசிரியர், பல் மருத்துவரின் கண்ணாடியையும் சூரிய ஒளியையும் கொண்டு தம் குரல்வளையைத் தாமே பார்த்தார் (மருத்துவருக்கு முன் பாட்டு வாத்தியார் முந்திக்கொண்டது எனக்கு என்றும் மகிழ்ச்சி தரும் செய்தி). ஆனால் பேசும்போது மடல்கள் ஆண்களுக்கு நொடிக்கு நூறு முறைக்கு மேலும், பெண்களுக்கு இருநூறு முறை அளவிலும் அதிர்வதால், வெறும் கண்ணுக்கு அலை தெரியாது. அதிர்வின் வேகத்திலிருந்து சற்றே விலகிய வேகத்தில் ஒளியை விட்டுவிட்டு மினுக்கினால், அலை மெதுவாக நகர்வதுபோல் தெரியும். ஸ்ட்ரோபோஸ்கோப்பி என்ற இதற்கு "மினுக்கொளி நோக்கல்" என்று எழுதலாம். காய்ப்பு இருக்கும் இடத்தில் மடல்கள் கூடாமல் மணற்கடிகை வடிவில் இடைவெளி விடுவதும், தழும்பு உள்ள இடத்தில் அலை நின்றுவிடுவதும் இதில்தான் தெளிவாகும்.

குரல் கம்மலை மட்டும் யாரும் மாற்ற வேண்டாம். "தொண்டை கம்மிட்ச்சு" என்பது எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் விளங்கும். கையேட்டின் முகப்பில், நான்கு வாரத்துக்கு மேல் குரல் கம்மல் நீடித்தால் குரல்மடல்களை மருத்துவரிடம் நேரில் காட்ட வேண்டும் என்றும், புகைபிடிப்பவர், கழுத்தில் வீக்கம் உள்ளவர், மூச்சுவிடச் சிரமப்படுபவர், அண்மையில் கழுத்து அறுவை செய்துகொண்டவர் அதுவரைகூடக் காத்திருக்கக் கூடாது என்றும் அச்சிடப் போகிறோம். குரல் கம்மலுக்கான 2018ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதல் அந்த நான்கு வாரத்தையே எல்லையாகச் சொல்கிறது. மடல்களைப் பார்க்காமலே ஸ்டீராய்டு கொடுப்பதையும், வழக்கம்போல் ஆன்டிபயாட்டிக் எழுதுவதையும் அது ஏற்கவில்லை.

சதைமொட்டு என்பதில் எனக்கே முழு நிறைவு இல்லை. "மொட்டு" மலரும் என்று நினைத்து யாரேனும் காத்திருந்துவிடக் கூடாது. அதற்கு உங்களிடம் வேறு சொல் இருந்தால், அச்சுக்குப் போகும் முன் அனுப்புங்கள், ஐயா.