மகளுக்கு ஹாஸ்டலில் எந்த பிளான் போடலாம்? 1.5 ஜிபி சாயங்காலமே தீருது, ரூமில் டவரும் இல்லை

மன்னார்குடி அம்மா (30 ஆகஸ்ட் 2025, இரவு 9.40)

வணக்கம். மகள் இந்த வருஷம் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் சேர்ந்திருக்கிறாள். ஹாஸ்டல் போய் மூணு வாரம் ஆகுது. மே மாசம் பிளஸ் டூ ரிசல்ட் வந்த கையோட புது சிம் வாங்கிக் கொடுத்தேன். அவளுக்கு 17 வயசுதான், அதனால சிம் என் பேரில் இருக்கு. 28 நாள், தினம் 1.5 ஜிபி பிளான்.

பிரச்சினை ரெண்டு. ஒண்ணு, சாயங்காலம் ஆறு மணிக்கெல்லாம் "நெட் தீந்துபோச்சும்மா" என்கிறாள். ரீல்ஸ் பார்த்தே தீர்க்கிறாள்னு நான் திட்டுறேன், இல்லவே இல்லைன்னு அவள் அழுகிறாள். ரெண்டாவது, ரூமுக்குள்ள போனா ஒரு கோடுதான் டவர் காட்டுதாம். நான் கூப்பிட்டா பாதியில் கட் ஆகுது. மாடிப்படிக்கு வந்துதான் பேசுகிறாள். ஹாஸ்டல் வைஃபை இருக்கு, ஆனா ராத்திரி எல்லாரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தா நகராதாம்.

அவங்க அப்பா சிங்கப்பூரில் இருக்கிறார். "வருஷத்துக்கு ஒரே தடவையா பெரிய பிளானாப் போட்டு விடு, மாசா மாசம் தொல்லை இல்லை" என்கிறார். என் தம்பி போஸ்ட்பெய்ட் போடச் சொல்றான். பக்கத்து வீட்டில் புது சிம்மே வாங்கிடுன்னு சொல்றாங்க. எதைச் செய்யறது? போன் அண்ணனோட பழையது, 4ஜி.

---

கணக்கர் (30 ஆகஸ்ட், இரவு 10.15)

வருஷப் பிளான் கணக்கு மட்டும் சொல்றேன். 28 நாள்ங்கிறது மாசம் கிடையாது. வருஷத்துக்கு 12 இல்லை, 13 தடவை ரீசார்ஜ். ஜியோவில் தினம் 2 ஜிபி, 28 நாளுக்கு 349 ரூபாய். பதிமூணு தடவைக்கு 4,537. அதே ஜியோவில் 365 நாளுக்கு 3,599, அதுவும் தினம் 2.5 ஜிபி. 938 ரூபாய் மிச்சம், டேட்டாவும் கூட. ஏர்டெல்லிலும் வருஷத்துக்கு 3,599தான், அங்கே தினம் 2 ஜிபி. பொண்ணோட அப்பா சொல்றது கணக்குப்படி சரிதான்.

---

மூணாம் வருஷம் (30 ஆகஸ்ட், இரவு 10.50)

அக்கா, தயவுசெஞ்சு இப்பவே வருஷப் பிளான் போட்டுடாதீங்க. நான் முதல் வருஷம் அதைத்தான் செஞ்சேன். சேர்ந்த வாரமே ஒரு வருஷத்துக்குப் போட்டாச்சு. ரூமில் டவர் இல்லைன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. வேற கம்பெனிக்கு மாறினா மீதி நாள், மீதி டேட்டா எதுவும் கூட வராது. எட்டு மாசம் படிக்கட்டிலேயே உட்கார்ந்து பேசினேன்.

எந்த கம்பெனி நல்லாருக்குன்னு இங்கே கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க. அந்த ஊருக்கு, அந்தக் கட்டடத்துக்கு, அந்த ரூமுக்கு எதுன்னுதான் பார்க்கணும். ரூம்மேட்ஸ் போனை வாங்கி, அவளோட கட்டில் மேல உட்கார்ந்து, ராத்திரி ஒன்பதரை மணிக்கு ஒரு கால், ஒரு வீடியோ போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. மத்தியானம் பார்த்தா எல்லாமே நல்லாத்தான் ஓடும். ஹாஸ்டல் முழுக்க போனும் கையுமா இருக்கிற நேரம்தான் உண்மை தெரியும்.

அதுவரைக்கும் வைஃபை காலிங் ஆன் பண்ணச் சொல்லுங்க. செட்டிங்ஸில் சிம் பக்கத்தில் இருக்கும். டவர் இல்லாட்டாலும் வைஃபை வழியா சாதாரண கால் போகும், தனிக் காசு இல்லை. பழைய போன் சிலதில் அந்த வசதி இருக்காது. எங்க காலேஜ் ஃபயர்வால் அதைத் தடுத்து வச்சிருக்கு; உங்க பொண்ணு காலேஜில் எப்படியோ.

---

மன்னார்குடி அம்மா (31 ஆகஸ்ட், காலை 7.05)

நன்றி தம்பி. வைஃபை காலிங் அந்தப் போனில் இல்லை, தேடிப் பார்த்துட்டாள். இன்னிக்கு ராத்திரி ரூம்மேட்ஸ் போனில் பார்க்கச் சொல்லியிருக்கேன். டேட்டா ஏன் தீருதுன்னு யாராவது சொல்லுங்களேன்.

---

ஒயர்மேன் (31 ஆகஸ்ட், காலை 8.20)

அம்மா, லேப்டாப் புதுசா வாங்கிக் கொடுத்தீங்களா? அதுக்குப் போனிலிருந்து ஹாட்ஸ்பாட் போடுறாளா?

---

மன்னார்குடி அம்மா (31 ஆகஸ்ட், காலை 8.31)

ஆமாம் சார், ஜூலையில் வாங்கினோம். சி புரோகிராம் பழக ஹாட்ஸ்பாட்தான் போடுகிறாளாம். ஒரு மணி நேரம்தானாம்.

---

ஒயர்மேன் (31 ஆகஸ்ட், காலை 9.10)

அப்ப பொண்ணைத் திட்டாதீங்க. புது விண்டோஸ் லேப்டாப்புக்கு நெட் கிடைச்சா போதும், அப்டேட்டை இழுக்க ஆரம்பிச்சிடும். அதுக்கு இது வீட்டு வைஃபையா, போன் நெட்டான்னு நாம சொன்னாத்தான் தெரியும். ஒரு மணி நேரத்தில் ஒரு ஜிபி சத்தமில்லாமப் போயிடும். மறுநாள் விட்ட இடத்திலிருந்து மறுபடி இழுக்கும்.

லேப்டாப்பில் செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை, அவ ஹாட்ஸ்பாட் பேர் மேல அழுத்தினா "மீட்டர்டு கனெக்ஷன்"னு ஒரு பொத்தான் இருக்கும். ஆன் பண்ணிட்டா பெரும்பாலான அப்டேட் நின்னுடும். அதுக்காக அப்டேட்டே வேண்டாம்னு விட்டுடக் கூடாது. விடிகாலையில் ஹாஸ்டல் வைஃபை காலியா இருக்கும்போது போட்டு விடட்டும். போனிலும் டேட்டா யூசேஜ் பக்கத்தில் ஹாட்ஸ்பாட்டுக்கு எவ்வளவு போச்சுன்னு தனியாக் காட்டும். கூகுள் போட்டோஸ் மொபைல் டேட்டாவில் பேக்கப் எடுக்குதான்னும் பார்க்கட்டும், அடுத்த திருடன் அது.

இன்னொண்ணு. "5ஜி அன்லிமிடெட்"னு கடையில் ஆசை காட்டுவாங்க. 4ஜி போனுக்கு அது ஆகாது. அதை நம்பிக் கூடக் காசு கொடுக்காதீங்க.

---

மாமா ஒருத்தர் (31 ஆகஸ்ட், பகல் 12.30)

ஃபேமிலி போஸ்ட்பெய்ட் பாருங்க. ஜியோ 449, கூட ஒரு சிம் சேர்த்தா 150. ரெண்டு பேருக்கும் பொதுவா 80 ஜிபி. தினசரிக் கணக்கே கிடையாது.

---

கணக்கர் (31 ஆகஸ்ட், பகல் 1.05)

மாமா, போஸ்ட்பெய்டுக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வரும். 599 இல்லை, 706 ரூபாய் 82 காசு. ப்ரீபெய்டில் வரி உள்ளேயே அடங்கிடுது. அம்மாவுக்கும் மாசா மாசம் நிறைய டேட்டா வேணும்னா சரி.

அம்மா, உங்க வீட்டில் வைஃபை இருந்தா உங்க போனுக்கு டேட்டா எதுக்கு? 2024 டிசம்பரில் டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) போட்ட உத்தரவால எல்லாக் கம்பெனியும் பேச்சும் எஸ்எம்எஸும் மட்டும் உள்ள பிளான் கொடுத்தாகணும். ஜியோவில் 448, ஏர்டெல்லில் 469, ரெண்டும் 84 நாள். கடையில் கேட்டாலொழிய சொல்ல மாட்டாங்க. அங்கே மிச்சம் பிடிச்சதைப் பொண்ணுக்குப் போடலாம்.

---

சிம் கடை, கும்பகோணம் (31 ஆகஸ்ட், மாலை 4.45)

புது நம்பர் மட்டும் வாங்காதீங்கம்மா. அந்த நம்பரை ஆதார், பேங்க், காலேஜ், ஸ்காலர்ஷிப்னு எல்லாத்திலும் கொடுத்திருப்பீங்க. அரசுப் பள்ளியில் படிச்ச பொண்ணுன்னா புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய் வர்ற அக்கவுண்ட்டுக்கும் அதே நம்பர்தானே? ஓடிபி வராம அலையணும். நம்பரை வச்சுக்கிட்டு கம்பெனியை மட்டும் மாத்துங்க, அதுக்குப் பேர்தான் போர்ட்.

சிம் வாங்கி 90 நாள் தாண்டியிருக்கணும். மே மாசம்னா தாண்டியாச்சு. பொண்ணு அவ போனிலிருந்து ஆங்கிலத்தில் PORT-னு அடிச்சு, ஒரு இடம் விட்டு, தன் நம்பரைப் போட்டு 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்பணும். பதிலுக்கு ஒரு குறியீடு வரும், அதை உங்களுக்குச் சொல்லணும். நாலு நாள்தான் செல்லும். அதனால நீங்க கடைக்குக் கிளம்புற அன்னிக்குக் காலையில் அனுப்பினா போதும்.

சிம் உங்க பேரில் இருக்கிறதால நீங்கதான் ஆதாரோட வரணும், அவ வந்தாலும் கொடுக்க முடியாது. 18 வயசு ஆகாதவங்க பேரில் சிம் கிடையாது. ஆனா கோயம்புத்தூர் போக வேண்டாம். மன்னார்குடியும் கோவையும் ஒரே டெலிகாம் வட்டம். உங்க ஊரிலேயே புது சிம் வாங்கி கூரியரில் அனுப்புங்க. மாற மூணு வேலைநாள் ஆகும், அதுவரை பழைய சிம் ஓடும். அது "நோ சர்வீஸ்" காட்டினதும் புதுசைப் போடச் சொல்லுங்க. போர்ட் கட்டணம் 6 ரூபாய் 46 காசு. கடைக்காரர் நூறு இருநூறு கேட்டா எதுக்குன்னு கேளுங்க. (எங்க ஆளுங்க கோவிச்சுக்குவாங்க, பரவாயில்லை.)

---

மன்னார்குடி அம்மா (9 செப்டம்பர், இரவு 8.50)

எல்லாருக்கும் சொல்லிடறேன். ஒயர்மேன் சார் சொன்னதுதான். மூணு வாரத்தில் ஹாட்ஸ்பாட் மட்டும் 19 ஜிபி. மீட்டர்டு போட்ட பிறகு ராத்திரி பதினோரு மணிக்கும் அரை ஜிபி மிச்சம் இருக்காம். அவகிட்ட மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லைம்மா, ஆனா ரீல்ஸும் கொஞ்சம் பார்த்தேன்" என்கிறாள்.

ரூம்மேட்ஸ் மூணு பேர் போனையும் வாங்கிப் பார்த்தாள். அதில் ஒண்ணில்தான் கட்டிலிலிருந்து கட் ஆகாமப் பேச முடிஞ்சுது. இங்கே கடையில் போய் அதுக்கு மாத்தி, எஸ்டி கூரியரில் அனுப்பினேன். நேத்து சாயங்காலம் பழைய சிம் நின்னுது, புதுசு வந்துடுச்சு. பழைய ரீசார்ஜில் ஒன்பது நாள் போச்சு, முன்னாடியே சொன்னதால மனசு தயாரா இருந்தது. வருஷப் பிளான் போடலை, 84 நாள் 1.5 ஜிபி. டிசம்பர் தொடக்கம் வரை ஓடும், அப்புறம் செமஸ்டர் லீவில் வீட்டுக்கு வந்துடுவாள். அவங்க அப்பாதான் இன்னும் 938 ரூபாயைச் சொல்லிக்கிட்டிருக்கிறார்.

ஒரே ஒரு சந்தேகம். ஜிபே திறந்தா மறுபடி நம்பரைச் சரிபார்க்கச் சொல்லுதாம். பயப்படணுமா?

---

சிம் கடை, கும்பகோணம் (9 செப்டம்பர், இரவு 9.20)

வேண்டாம்மா. சிம் மாறினா கேட்கும். வைஃபையை அணைச்சுட்டு, புது சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போகுதான்னு பார்த்துட்டு "சரி" கொடுக்கச் சொல்லுங்க. மாடிப்படிக்குப் போக வேண்டியதில்லை இப்போ.