பக்கத்து கேலக்ஸியை விட்டுவிட்டு ஏன் இவ்வளவு தூரம்?

திருமங்கலத்தான்:
போன வாரம் அழகர்கோவில் பக்கம் பைனாகுலரில் பக்கத்து கேலக்ஸியான ஆண்ட்ரோமீடாவைப் பார்த்தோம், மங்கலாகத்தான் தெரிந்தது. 25 லட்சம் ஒளியாண்டில் இது இருக்கும்போது ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப் ஏன் கண்காணாத தூரத்துப் பொட்டுகளையே துரத்துகிறது?

மேலூர்க்காரி:
ஆண்ட்ரோமீடா வளர்ந்த ஆள் அண்ணே. அதன் குழந்தைப் படம் கிடைக்காது, மற்ற குழந்தைகளைப் பார்த்துத்தான் ஊகிக்கணும். ரொம்ப தூரத்து ஒளி வந்துசேர அவ்வளவு காலம் ஆவதால் பழைய கோலம்தான் தெரியும்: ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0 என்ற கேலக்ஸி, பிரபஞ்சம் தொடங்கிய பெருவெடிப்புக்குப் பின் சுமார் 30 கோடி ஆண்டில் இருந்த கோலத்தில் தெரிகிறது.

நாகமலைவாசி:
அதில் ஆக்சிஜன் இருப்பதை 2025-ல் சிலி நாட்டு ஆல்மா ரேடியோ டெலஸ்கோப் வேறு காட்டிவிட்டது. ஆக்சிஜன் நட்சத்திரத்துக்குள் சமைவது, ஆக அந்த 30 கோடி ஆண்டுக்குள்ளேயே ஒரு தலைமுறை நட்சத்திரம் எரிந்து செத்திருக்கிறது. இவ்வளவு சீக்கிரம் எப்படி என்பதுதான் இப்போது தலைவலி.

திருமங்கலத்தான்:
சரி, பெரிய டெலஸ்கோப் வாங்கினால் எனக்குத் தெரியுமா?

மேலூர்க்காரி:
வாய்ப்பே இல்லை. பிரபஞ்சம் விரிந்ததில் அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பாக நீண்டுவிட்டது, காசை மிச்சம் பிடியுங்கள்.