பதிவேட்டில் இருக்கும் வண்டி எல்லாம் சாலையில் ஓடுகிறதா?

நித்திலன் (கேள்வி)

வணக்கம். ஒரு நகரத்தின் காற்று மாசில் வண்டிப் புகையின் பங்கு எவ்வளவு என்று மதிப்பிடும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. கையில் இருப்பது வாகனப் பதிவுத் தரவு மட்டும்தான். பெயர், முகவரி எல்லாம் எடுத்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். வண்டி வகை, எரிபொருள், முதல் பதிவுத் தேதி, பதிவு செய்த அலுவலகம், நிறம், நிலை என்று சில பத்திகள் இருக்கின்றன.

வயது வாரியாகப் பிரித்து வரைபடம் போட்டதும் திகைத்துவிட்டேன். இருபது வருடத்தைத் தாண்டிய இருசக்கர வண்டிகள் குன்று போல எழுந்து நிற்கின்றன. 'நிலை' பத்தியில் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் 'நடப்பில் உள்ளது' என்றே இருக்கிறது. சந்தேகம் வந்து, நேற்று மாலை ஒரு பெரிய சந்திப்பில் இரண்டு மணி நேரம் நின்று பார்த்தேன். அவ்வளவு பழைய வண்டி கண்ணில் பட்டதே அபூர்வம்.

இந்தத் தரவை அப்படியே போட்டால் நகரத்துப் புகைக்கெல்லாம் பழைய வண்டிக்காரர்கள்தான் காரணம் என்று அறிக்கை சொல்லிவிடும். அதைப் படித்து யாராவது தடை போட்டால் அடிபடுவது புது வண்டி வாங்க வசதி இல்லாதவர்கள். தப்பான கணக்கை வைத்து அது நடந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை. இந்தத் தரவில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது? இதில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்.

முகிலரசி

எனக்கும் இதே பிரச்சினை வந்தது. 15 வருடத்துக்கு மேலானதை எல்லாம் வெட்டிவிட்டு மீதியை வைத்துக் கணக்குப் போட்டேன். வரைபடம் ஒழுங்காக வந்தது. வேறு வழி தெரியவில்லை.

மணிமொழி

இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பன்னிரண்டு வருடமாக இந்த மாதிரித் தரவைச் சரிபார்ப்பதுதான் என் வேலை. அந்தக் குன்று இல்லாத கோப்பை நான் பார்த்ததே இல்லை.

அது எப்படி வருகிறது என்றால், பதிவு செய்யாமல் வண்டியைச் சாலையில் இறக்க முடியாது. அதனால் வண்டியின் பிறப்பு தவறாமல் ஏறிவிடும். இறப்புக்கு அந்த நெருக்கடி இல்லை. எஞ்சின் போய், சுவரோரம் துருப்பிடித்து, கடைசியில் காயலான் கடையில் எடைக்குப் போன வண்டிக்காக, பதிவை ரத்து செய்யுங்கள் என்று அலுவலகத்தில் போய் நிற்பவர் மிகக் குறைவு. வண்டி போய்விடும், அதன் வரிசை மட்டும் கோப்பிலேயே கிடக்கும்.

ஜெர்மனியில் நடந்ததைப் பாருங்கள். 2007 ஜனவரி 1 அன்று அங்கே பதிவில் இருந்த கார்கள் சுமார் 4.66 கோடி. ஒரு வருடம் கழித்து, 2008 ஜனவரி 1 அன்று, சுமார் 4.12 கோடி. ஐம்பது லட்சத்துக்கு மேல் குறைந்தது. ஆனால் யாரும் காரைத் தூக்கிப் போடவில்லை. தற்காலிகமாக ஓட்டத்திலிருந்து நிறுத்தி வைத்த வண்டிகளையும் அதுவரை சேர்த்து எண்ணினார்கள், பிறகு விட்டுவிட்டார்கள். இந்த இரண்டு வருடத்தையும் ஒரே கோட்டில் போட்டு 'ஜெர்மானியர்கள் காரைக் கைவிடுகிறார்கள்' என்று எழுதினால் என்ன ஆகும்? எந்தப் பதிவுத் தரவைத் திறந்தாலும் முதலில் நான் தேடுவது 'நடப்பில் உள்ளது' என்பதற்கு அவர்கள் கொடுத்திருக்கும் விளக்கத்தைத்தான். எந்த வருடத்தில் அந்த விளக்கம் மாறியது என்பதையும் சேர்த்துத் தேடுவேன்.

சில நாடுகளில் இறப்பும் ஓரளவு ஒழுங்காகப் பதிவாகிறது. பிரிட்டனில் 1998 முதல், வண்டியைச் சாலைக்குக் கொண்டுவராமல் நிறுத்தி வைப்பதாக இருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும். சிங்கப்பூரில் வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றே பத்து வருடத்துக்குத்தான். அது முடிந்ததும் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் பதிவை நீக்க வேண்டும். அங்கே கோப்பைச் சரியாக வைத்திருக்கப் பணம் ஒரு காரணமாக இருக்கிறது.

அதனால் ஒவ்வொரு பத்தியையும் பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இது தப்பாக இருந்தால் யாருக்கு நஷ்டம்? முதல் பதிவுத் தேதி தப்பானால் வரி, காப்பீடு, மறுவிற்பனை எல்லாம் இடிக்கும். அதனால் அது பெரும்பாலும் சரியாக இருக்கும். எரிபொருளும் அப்படித்தான், ஆனால் பின்னால் எரிவாயுக்கு மாற்றியதைச் சொல்லாமல் விட்டவர்கள் இருப்பார்கள். நிறம் யாருக்கு வேண்டும்? சாம்பல், வெள்ளி, மெட்டாலிக் என்று ஒரே நிறம் பத்து விதமாக எழுதப்பட்டிருக்கும். அலுவலகத்தின் பெயர் வண்டி முதலில் எங்கே பதிவானது என்று சொல்லும், இன்று எங்கே ஓடுகிறது என்று சொல்லாது. நிறுவனங்களும் வாடகை வண்டிக்காரர்களும் மொத்தமாக ஓர் இடத்தில் பதிந்துவிட்டு வேறெங்கோ ஓட்டுவது எல்லா நாட்டிலும் உண்டு. நித்திலன், உங்கள் நகரத்தின் எண்ணிக்கையில் இது இரண்டு பக்கமும் இடிக்கும். உங்கள் கோப்பில் இல்லாத வெளி வண்டிகளும் உங்கள் சாலையில்தான் புகை விடுகின்றன.

ஒரு முறை என் மேசைக்கு வந்த இரண்டு வரிசைகளைச் சொல்கிறேன். ஒரே மாடல், ஒரே முதல் பதிவுத் தேதி, அலுவலகம் மட்டும் வேறு. சேசிஸ் எண்ணை, அதாவது ஒவ்வொரு வண்டிக்கும் தனியாகப் பொறிக்கும் அடையாள எண்ணை, ஒவ்வோர் இடமாக ஒப்பிட்டேன். பதினாறு இடம் ஒன்றாக இருந்தது. ஓரிடத்தில் ஒன்றில் பூஜ்யம், மற்றதில் ஓ என்ற ஆங்கில எழுத்து. 17 இடம் கொண்ட அந்த எண்ணில் ஐ, ஓ, கியூ மூன்றும் வரவே கூடாது. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பும் என்றுதான் விலக்கி வைத்திருக்கிறார்கள். ஊர் மாற்றிப் பதிந்தபோது யாரோ பார்த்துத் தட்டச்சு செய்ததில் ஓ நுழைந்துவிட்டது. எண் பொருந்தாததால் பழைய வரிசை மூடப்படவில்லை. ஒரு வண்டி இரண்டாகிவிட்டது. அன்றைக்கு முழுக் கோப்பிலும் அந்த மூன்று எழுத்துகளைத் தேடி எடுத்தேன். இன்றுவரை என் முதல் சோதனை அதுதான். உங்கள் கோப்பில் சேசிஸ் எண் இல்லை என்பதால், கொடுத்தவர்களிடமே இந்தச் சோதனையைச் செய்து தரச் சொல்லிக் கேளுங்கள்.

முகிலரசி, வெட்டுவது வேண்டாம். வயதானதில் பெரும்பகுதி இல்லாத வண்டி என்பது உண்மை. ஆனால் மிச்சம் இருக்கும் கொஞ்சம்தான் ஒரு கிலோமீட்டருக்கு அதிகப் புகை விடுவது. வெட்டினால் அதுவும் சேர்ந்து காணாமல் போகும்.

நித்திலன்

அக்கா, மிக்க நன்றி. அப்படியானால் சந்திப்பில் எண்ணுவதைத்தான் நம்ப வேண்டுமா? பதிவுத் தரவை ஒதுக்கிவிடலாமா?

மணிமொழி

ஒதுக்காதீர்கள், இரண்டையும் கட்டிப் போடுங்கள். சந்திப்பில் நம்பர் பிளேட்டைக் குறித்துக்கொண்டு வாருங்கள். அவற்றைப் பதிவுத் தரவு வைத்திருப்பவர்களிடம் கொடுத்து வயதும் எரிபொருளும் மட்டும் திருப்பி வாங்குங்கள். பெயர் உங்களுக்குத் தேவையே இல்லை. அப்போது சாலையில் ஓடும் வண்டிகளின் வயதுப் பங்கீடு கிடைக்கும்.

இதில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. அதிகம் ஓடும் வண்டிதான் அதிகம் கண்ணில் படும். புகைக்கணக்குக்கு வேண்டியது வண்டிகளின் எண்ணிக்கையை விட அவை ஓடிய தூரம்தான் என்பதால், இந்தச் சாய்வு உங்களுக்குச் சாதகம். பதிவுத் தரவில் கிலோமீட்டர் என்ற ஒன்றே கிடையாது. தினமும் நூறு கிலோமீட்டர் ஓடும் வண்டியும் வாரம் ஒரு முறை வெளியே வரும் வண்டியும் அங்கே ஒரே ஒரு வரிசைதான். பிரிட்டனில் வருடாந்திரச் சோதனையின்போது ஓடோமீட்டர் அளவைக் குறிக்கிறார்கள். அப்படி ஏதாவது உங்களுக்குக் கிடைத்தால் விடாதீர்கள்.

ஆனால் மாலையில் மட்டும் நிற்காதீர்கள். சரக்கு ஏற்றும் பழைய வண்டிகள் விடியற்காலையில் ஓடி முடித்துவிடும். நேற்று நீங்கள் பார்த்தது அலுவலகம் விட்டு வீடு திரும்பும் கூட்டம். அதை வைத்துப் பழைய வண்டி இல்லை என்று முடிவு செய்தால் அதுவும் தப்பு.

அப்புறம், காப்பீட்டுக் கணக்கும் கிடைக்குமா பாருங்கள். நடப்புக் காப்பீடு உள்ள வண்டிகளின் எண்ணிக்கையைக் கீழ் எல்லையாகவும் பதிவுத் தரவை மேல் எல்லையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு இல்லாமல் ஓடும் பழைய வண்டிகள் இருப்பதால் உண்மை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். அந்த இடைவெளியை அறிக்கையில் மறைக்காமல் எழுதுங்கள்.

புதிய பதிவுகளுக்கு இந்தத் தரவு அருமையானது. மின்சார வண்டிகள் எந்த வேகத்தில் வருகின்றன என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. மாதத்தை மாதத்தோடு ஒப்பிடும்போது மட்டும் கவனம் வேண்டும். பிரிட்டனில் மார்ச்சிலும் செப்டம்பரிலும் எண் பலகையின் வருடக் குறியீடு மாறும், புதுக் குறியீட்டுக்காகக் காத்திருந்து வாங்குவதால் அந்த மாதங்களில் பதிவு எகிறும். போன வருடத்தின் அதே மாதத்தோடுதான் ஒப்பிட வேண்டும்.

கடலாடி

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். போன வாரம் ஒரு கார் என் வண்டியை உரசிவிட்டு நிற்காமல் போய்விட்டது. எண்ணைக் குறித்து வைத்திருக்கிறேன். இந்தத் தரவில் தேடி முகவரி எடுக்க முடியுமா?

மணிமொழி

அடி எதுவும் படவில்லையே? எண்ணையும் நேரத்தையும் இடத்தையும் எழுதிக் காவல்துறையிடமும் உங்கள் காப்பீட்டு நிறுவனத்திடமும் கொடுங்கள். தேடிப் பார்க்கச் சட்டப்படி அதிகாரம் உள்ளவர்கள் பார்ப்பார்கள். நீங்களாக முகவரி தேடிப் போகாதீர்கள்.

இதைக் கண்டிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1989இல் அமெரிக்க நடிகை ரெபெக்கா ஷேஃபரை, அவரைப் பின்தொடர்ந்த ஒருவன் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றான். அவன் முகவரியைப் பெற்றது ஒரு தனியார் துப்பறிவாளர் மூலம், கலிஃபோர்னியாவின் வாகனத் துறைப் பதிவிலிருந்து. அப்போது அது எளிதாகக் கிடைத்தது. 1994இல் அமெரிக்கா ஓட்டுநர்களின் அந்தரங்கத் தகவலைக் காக்கத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. இந்தியாவிலும் பதிவுத் தரவை மொத்தமாக விற்க 2019இல் ஒரு கொள்கை வந்தது, அந்தரங்கம் குறித்த கவலையால் 2020இல் அதைக் கைவிட்டார்கள். நித்திலனுக்குப் பெயர் நீக்கிக் கொடுத்தது சரியான செயல்.

இன்னொன்று. பதிவில் இருக்கும் பெயர் ஓட்டியவரின் பெயர் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வண்டி கைமாறியும் பெயர் மாற்றாமல் விட்டிருக்கலாம், எண் பலகையே போலியாக இருக்கலாம். பிரிட்டனின் பதிவு ஆவணத்தில், இது உரிமைக்கான சான்று அல்ல என்று அச்சிட்டே கொடுக்கிறார்கள்.

முகிலரசி

என் பழைய கோப்பை மறுபடி எடுத்திருக்கிறேன். அதில் சேசிஸ் எண் இருக்கிறது. ஓ எழுத்து வந்த வரிசைகளைத் தேடினேன், ஒன்றிரண்டு இல்லை, நிறையவே வருகின்றன. வெட்டியதையும் திரும்பச் சேர்க்கிறேன்.

நித்திலன்

நம்பர் பிளேட்டைக் கொடுத்தால் வயதும் எரிபொருளும் மட்டும் அனுப்ப முடியுமா என்று கேட்டு இன்று கடிதம் அனுப்பிவிட்டேன். விடியற்காலை நாலரைக்கு அதே சந்திப்பில் நிற்கப் போகிறேன், இந்த முறை இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு. ஒருவர் படித்துச் சொல்ல, ஒருவர் எழுத வேண்டும். நேற்று தனியாக நின்றதில் பாதி எண்களைத் தவறவிட்டேன்.

மணிமொழி

பின்பக்க எண்ணைப் படிக்கிற மாதிரி நில்லுங்கள். இருட்டில் முன்விளக்கு கண்ணைக் கூசும்.