இட்லி மாவு பாக்கெட் ரிட்டர்ன் குறையவே இல்லை: தொழிலைத் தொடரலாமா, நிறுத்தலாமா?

காவிரிக்கரை கலா:
வணக்கம். திருச்சியில் இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடுகிறேன். தினமும் 120 கிலோ, எல்லாம் ஒரு கிலோ பாக்கெட். கோடை தொடங்கியதிலிருந்து தினம் 22 பாக்கெட் வரை திரும்பி வருகிறது. சிலது உப்பி வருகிறது, சிலது தேதி முடிந்து வருகிறது. கடைக்கு 42 ரூபாய். அரிசி, உளுந்துக்கு 27, கவருக்கு 2 ரூபாய் ஆகிறது. வாடகை, கூலி, பெட்ரோல் தனி. இன்னொரு ஃப்ரீசர் வாங்க 50,000 ரூபாய் தண்டல் கேட்டு வைத்திருக்கிறேன். கையில் 42,500 கிடைக்கும், தினம் 500 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். வீட்டில் ‘போதும், விட்டுவிடு’ என்கிறார்கள். எனக்கு விட மனசில்லை. எங்கிருந்து தொடங்குவது?

கணக்கு நோட்டு:
அக்கா, தண்டலை நிறுத்தி வையுங்கள். உங்கள் கணக்கிலேயே பாருங்கள். விற்ற பாக்கெட்டுக்கு 13 ரூபாய் நிற்கிறது, திரும்பி வந்ததில் 29 ரூபாய் போகிறது. அதாவது ஒரு ரிட்டர்ன், விற்ற இரண்டு பாக்கெட் லாபத்துக்கும் மேலே விழுங்குகிறது. 98 விற்று 22 திரும்பினால் 1,274இல் 638 போய் மிச்சம் 636. அதில் தண்டலுக்கு 500 கொடுத்தால் வாடகைக்கும் கூலிக்கும் 136 ரூபாய்தான். வட்டியும் ஆண்டுக்கு நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது.

இதே இடத்தில் 105 கிலோ மட்டும் அரைத்து 100 விற்று 5 திரும்பினால் 1,155 ரூபாய் நிற்கும். உற்பத்தியைக் குறைக்கப் பலருக்கு மனசு வராது, கடை கை நழுவிப் போய்விடும் என்று பயம். ஆனால் இப்போது உங்களைத் தூக்கி நிறுத்தக்கூடியது அதுதான்.

கடைவாரியாக ஒரு நோட்டுப் போடுங்கள்: போட்டது, விற்றது, திரும்பியது, காரணம். காரணத்தில் ‘உப்பல்’, ‘தேதி’ இரண்டையும் கட்டாயம் பிரித்து எழுத வேண்டும். உப்பாமல் தேதி மட்டும் முடிந்து வந்தால் மாவில் குறை இல்லை, அந்தக் கடைக்கு அளவு அதிகம். உப்பி வந்தால் உங்கள் பக்கத்துச் சூடா, கடை ஃப்ரிட்ஜா என்று தேட வேண்டும். இதைப் பிரிக்காமல் ஃப்ரீசர் வாங்கினால் கடன்தான் மிச்சம்.

கிரைண்டர் மெக்கானிக்:
உப்பல் விஷயம் நான் சொல்றேன். மாவு புளிக்கும்போது வர்ற கேஸ்தான் கவரை உப்ப வைக்குது. அரைச்சு எடுக்கும்போதே மாவு சூடா இருந்தா, ஃப்ரிட்ஜுக்குள்ள போறதுக்கு முன்னாடியே புளிப்பு கிளம்பிடும். முந்நூறு நானூறு ரூபாய்க்குக் குச்சி தெர்மாமீட்டர் கிடைக்கும், வாங்கி மாவுல குத்திப் பாருங்க. 30 டிகிரிக்குக் கீழ இருக்கணும். 35ஐத் தொட்டா கோடையில அந்த மாவு தாங்காது.

சூட்டுக்கு முக்கியக் காரணம் தேய்ஞ்ச கல். உளுந்து அரை மணி நேரத்துல பொங்கி வரணும். முக்கால் மணி ஆகுதுன்னா கல்லைக் கொத்தணும். நேரம் கூடினா மாவும் சூடாகும், கரண்டும் கூடும். உளுந்து ஒரு மணி நேரம் ஊறினா போதும், அரைக்கிற தண்ணியில மூணுல ஒரு பங்குக்கு ஐஸ் போடுங்க. மீன் கடைக்குப் போற ஐஸ் பார் வேண்டாம், அது குடிதண்ணியில செஞ்சதா இருக்காது.

அடுத்தது டிரம். அரைச்ச மாவை 20 கிலோ டிரம்மோட ஃப்ரிட்ஜுல வெச்சா, ஓரம் ஜில்லுனு இருக்கும், நடுவுல ராத்திரி பூரா சூடு நிக்கும். அரைச்ச உடனே பேக் பண்ணி, பாக்கெட்டைத் தட்டையாப் படுக்க வெச்சு, கிரேட்ல காத்து போக இடைவெளி விட்டு அடுக்குங்க. கவர்ல ஊசி ஓட்டை போடற யோசனை யாராவது சொன்னா கேக்காதீங்க. உப்பல் அடங்கும், புளிப்பு அடங்காது, கசிவு வேற.

காவிரிக்கரை கலா:
உளுந்துக்கு 45 நிமிடம் ஆகிறது. மாவை டிரம்மில்தான் வைக்கிறோம். கடை ஃப்ரிட்ஜை எப்படிச் சோதிப்பது? தேதி முடிந்த பாக்கெட்டுக்குக் கடைக்காரர் பணம் பிடிக்கிறார், அதைத் தடுக்க முடியுமா?

லைன் சேல்ஸ்:
ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்ததும் காட்டும் காற்றின் சூட்டை நம்பாதீர்கள். ஒரு தண்ணீர் பாட்டிலை மாவுக்குப் பக்கத்திலேயே முதல் நாள் வைத்துவிட்டு, மறுநாள் கடை திறந்த உடனே அந்தத் தண்ணீரில் தெர்மாமீட்டரை விடுங்கள். 4, 5 டிகிரி என்றால் நல்ல கடை. 12, 15 காட்டினால் ராத்திரி சுவிட்சை அணைக்கிறார்கள் என்று அர்த்தம். அவர்களோடு சண்டை வேண்டாம். அந்தக் கடைக்கு அன்றன்றைக்கு விற்கும் நாலு பாக்கெட்டோடு நிறுத்துங்கள்.

தேதி முடிந்த ரிட்டர்னை ஒரே நாளில் ஒழிக்க முடியாது. முந்தைய நாள் விற்றதைவிட இரண்டு பாக்கெட்டுக்கு மேல் வைப்பதில்லை என்று முடிவு செய்து, கடைக்காரர் கேட்டாலும் கூட்டாதீர்கள். பணம் பில் டு பில்: பழைய பில் தீர்ந்தால்தான் புதுச் சரக்கு. இதற்கு ஒத்துவராத கடைகள் சில விலகும், விலகட்டும்.

குறைத்த கிலோவுக்கு ஈடாகப் பக்கத்து டிபன் கடை, மெஸ், ஹாஸ்டலில் கேட்டுப் பாருங்கள். கேனில் லூஸாக 36, 37 ரூபாய்க்குக் கொடுத்தாலும் கவர் செலவு இல்லை, அன்றைக்கே தீரும், ரிட்டர்ன் கிடையாது.

ஃப்ரீசர் தேவை என்று நோட்டே சொன்னால் அப்போது வங்கிக்குப் போங்கள். உத்யம் என்ற அரசின் சிறுதொழில் பதிவு இலவசம். சிறுதொழிலுக்கான அரசின் முத்ரா கடன் திட்டத்தில், சிசு என்ற பிரிவில் 50,000 வரை பிணையில்லாமல் கேட்கலாம். கடைக்காரர்கள் தரும் பணத்தை இன்றிலிருந்தே உங்கள் கணக்குக்கு ஜிபேயில் வாங்குங்கள், மேனேஜர் முதலில் கேட்பது அந்த ஸ்டேட்மென்டைத்தான்.

கணக்கு நோட்டு:
ஒன்று விட்டுப்போனது. மாத வாடகை, கூலி, பெட்ரோல், கரண்ட் எல்லாம் கூட்டி 30ஆல் வகுத்து நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். கல் கொத்தி, அளவைக் குறைத்து ஒரு மாதம் ஆன பிறகும் தினசரி மிச்சம் அந்தத் தொகையைத் தொடவில்லை என்றால் பாக்கெட் லைனை நிறுத்தி, லூஸ் மாவு மட்டும் போடுங்கள். கிரைண்டரை விற்க வேண்டாம்.