மறுமொழி: 'பேக் இன் பாக்ஸ்' ஒயினுக்குத் தமிழில் என்ன சொல்? துருத்தி?

அன்பர்களுக்கு வணக்கம்.

இழையை முதலிலிருந்து படித்தேன். அட்டைப்பெட்டிக்குள் பையில் அடைத்து விற்கும் ஒயினுக்குக் கலைச்சொல் வேண்டும் என்பது கேள்வி. எல்லோரும் பெட்டிக்குப் பெயர் தேடிக்கொண்டிருக்கிறோம். அங்கே வேலை செய்வது பெட்டியன்று, உள்ளிருக்கும் பை.

> 'பெட்டி ஒயின்' போதுமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், தவறாகப் புரியும். பழச்சாறு அடைத்துவரும் அட்டை உறையையும் பெட்டி என்கிறோம். பன்னிரண்டு பாட்டில்களை அடுக்கிய மரப்பெட்டியும் பெட்டிதான். நாம் பேசும் பொருளில் வெளியே அட்டை, உள்ளே பல அடுக்குப் படலத்தாலான பை, பையின் வாயில் ஒரு குழாய். ஒயினை எடுக்க எடுக்கப் பை சுருங்குகிறது. காலியான இடத்துக்குள் காற்று நுழைவதில்லை. பாட்டிலைத் திறந்தால் சில நாளில் சுவை மாறிவிடுகிற ஒயின் இதில் நான்கு முதல் ஆறு வாரம் தாங்குவது இதனால்தான். பெயர் அந்தச் சுருக்கத்தைத் தொட்டாக வேண்டும்.

> பைப்பெட்டி

இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் ஒருமுறை உரக்கப் படியுங்கள். 'பைப் பெட்டி' என்றுதான் காதில் விழுகிறது. குழாயும் வேறு தொங்குவதால் கேட்பவருக்குச் சந்தேகமே வராது! திருப்பிப் போட்டு 'பெட்டிப்பை' என்றால், தமிழில் பின்னால் நிற்பதே தலைமைச் சொல் என்பதால், பெட்டி வடிவப் பை ஆகிவிடும்.

> உறைமது

குளிரில் உறைந்துபோன மது. அடுத்ததற்குப் போவோம்.

> சுருங்குபை

நல்ல சொல். வினைத்தொகை, ஆகவே ஒற்றுத் தொல்லை இல்லை. சுருங்கிய, சுருங்குகிற, சுருங்கும் என்று அந்தப் பையின் வாழ்நாள் முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. இரண்டு நாள் இதன் பக்கமே இருந்தேன். 'சுருங்குபைப் பெட்டி ஒயின்' என்று எழுதிப் பார்த்தபோதுதான் மூச்சு வாங்கியது.

என் பரிந்துரை துருத்தி. கொல்லன் உலைத் துருத்திதான் முதலில் நினைவுக்கு வரும். ஆனால் தோலால் செய்த நீர்ப்பைக்கும் அந்தப் பெயர் உண்டு. தமிழ் விவிலியத்தில் புதிய திராட்சரசத்தைப் பழைய துருத்தியில் ஊற்றக்கூடாது என்று வருவதைப் பலர் கேட்டிருப்பீர்கள். அங்கே துருத்தி என்பது ஒயின் வைக்கும் தோற்பை. ஆக, நாம் சொல்லைப் புதிதாகச் செய்யவில்லை, தூசி தட்டுகிறோம். பெட்டியோடு சேர்த்தால் 'துருத்திப்பெட்டி'. அதில் வரும் ஒயின் 'துருத்தி ஒயின்'.

பழைய கலத்தின் பெயரைப் புதிய கலத்துக்கு ஏற்றுவது நம் கண்டுபிடிப்பும் அன்று. ஆஸ்திரேலியர்கள் இதை 'காஸ்க்' என்கிறார்கள். அது மரப்பீப்பாயின் பெயர். பீப்பாய்க்கும் இந்த அட்டைப்பெட்டிக்கும் என்ன உறவு என்று அங்கே யாரும் கேட்பதில்லை. பிரெஞ்சில் பரிந்துரைக்கப்பட்ட 'கெஸ் ஊத்ர்' என்ற சொல்லைப் பிரித்தால் பெட்டி, தோற்பை என்றே கிடைக்கிறது. அப்படியே நம் துருத்திப்பெட்டி! நான் இதைப் பிறகுதான் பார்த்தேன், நம்புங்கள். பேச்சில் பிரெஞ்சுக்காரர்கள் 'பிப்', 'க்யூபி' என்றே சொல்லிக்கொள்கிறார்கள் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. சொல்லாக்கக் குழு சொல்லைக் கொடுக்கும். எடுப்பதும் விடுவதும் மக்கள் பாடு.

> சொல்லில் 'மது' கட்டாயம் வரவேண்டும்.

வரக்கூடாது என்பது என் கட்சி. இந்தப் பை ஒயினுக்காகப் பிறந்ததே இல்லை. 1955இல் அமெரிக்காவில் வில்லியம் ஷோல் இதை உருவாக்கியது பேட்டரி அமிலத்தைச் சிந்தாமல் கொண்டுசெல்வதற்காக. பத்தாண்டு கழித்து, 1965இல், தெற்கு ஆஸ்திரேலியாவில் ஒயின் தயாரித்த தாமஸ் ஆங்கோவ் அதே எண்ணத்துக்கு ஒயினுக்கெனக் காப்புரிமை பெற்றார். அப்போது குழாய் கிடையாது. பையின் மூலையைக் கத்தரித்து ஊற்றிவிட்டு, துணி காயப்போடும் கிளிப் போன்ற ஒன்றால் கவ்விவைக்க வேண்டும். 1967இல்தான் காற்றுப்புகாத குழாய் வந்தது. இன்று பால், எண்ணெய், பானச் சாறு எல்லாம் இதில் போகின்றன. கலத்துக்கு ஒரு பெயர் இருந்தால், உள்ளே என்ன இருக்கிறதோ அதைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

'ஒயின்' ஒயினாகவே இருக்கட்டும். மதுவைக் குறிக்கும் பழஞ்சொல் தேறல் அழகுதான், ஆனால் அது தெளிவைச் சொல்கிறது, திராட்சையைச் சொல்லவில்லை. திராட்சரசம் என்றால் இன்று பழச்சாறு என்று குழந்தைக்கு ஊற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

இனி, இந்தக் கலத்துக்குச் சேர்க்கச் சொல்லும் 'சூழல் நட்பு' என்ற அடைமொழி. ஆங்கிலத்துக்குத் தமிழ்ச் சட்டை போட்ட தொடர் அது. பெட்டியும் சூழலும் எந்தக் காலத்திலும் நண்பர்களாக இருந்ததில்லை. சூழலுக்கு எதனால் சுமை குறைகிறது என்று சொல்லிவிட்டால் அடைமொழியே வேண்டாம். காலியான 750 மில்லி கண்ணாடி பாட்டிலின் எடை ஏறத்தாழ அரைக் கிலோ. மூன்று லிட்டர் ஒயினுக்கு நான்கு பாட்டில், அதாவது இரண்டு கிலோ கண்ணாடி. அதே மூன்று லிட்டருக்கான பையும் பெட்டியும் சேர்ந்து கால் கிலோ வராது. கண்ணாடியை உருக்க உலை ஏறத்தாழ 1500 டிகிரி செல்சியஸில் எரிய வேண்டும். பிறகு அந்தக் கனத்தை லாரியிலும் கப்பலிலும் சுமக்க வேண்டும். ஸ்வீடன், நார்வே அரசு மது விற்பனை நிறுவனங்களுக்காக 2010இல் செய்யப்பட்ட ஆயுட்சுழற்சி ஆய்வில் (ஒரு பொருள் உருவாவது முதல் கழிவாவது வரை சூழலுக்கு ஏற்றும் சுமையைக் கணக்கிடும் ஆய்வு), கண்ணாடி பாட்டிலைவிட இதன் பசுங்குடில் வாயு வெளியீடு வெகுவாகக் குறைந்திருந்தது. 'குறைசுமைக் கலம்' என்று எழுதினால் சொன்ன கணக்குக்கும் சொல்லுக்கும் பொருந்தும்.

ஆனால் கலைச்சொல் பட்டியலின் விளக்கக் குறிப்பு விளம்பரமாக மாறிவிடக்கூடாது. பல அடுக்குப் படலத்தை மறுசுழற்சி செய்வது கடினம். கண்ணாடியைத் திரும்பத் திரும்ப உருக்கலாம். படலத்தின் வழியே ஆக்சிஜன் மெல்ல ஊடுருவும் என்பதால், ஆண்டுக்கணக்கில் முதிரவைக்கும் ஒயினுக்கு இந்தக் கலம் ஆகாது. நுரைக்கும் ஒயினின் அழுத்தத்தையும் பை தாங்காது.

என் கடைசிச் சோதனை எளியது. அந்தப் பெட்டியின் பக்கவாட்டில் அச்சிட ஒரு வரி வேண்டும்: 'துருத்தியை வெளியே எடுத்துவிட்டு, பெட்டியைத் தாள் மறுசுழற்சியில் போடவும்.' 'பெட்டி ஒயின்' என்ற பெயரை வைத்துக்கொண்டு இந்த வரியை எழுதிப் பாருங்கள்.

> கொல்லன் துருத்தி காற்றை ஊதுவது. இதுவோ காற்றே ஆகாத பை. முரண் இல்லையா?

முரண்தான். இழையில் வந்த மறுப்புகளில் எனக்குத் தூக்கம் கெட்டது இதனால் மட்டுமே. இரண்டும் அமுங்கிச் சுருங்கி உள்ளிருப்பதை வெளியே தள்ளுகின்றன. ஆனால் உலைத்துருத்தி மறுபடி மூச்சிழுக்கும், இது இழுக்காது. தோற்பை என்ற பொருளில் நின்றுகொண்டால் முரண் தீர்கிறது, முழுக்கவா என்று கேட்டால் இல்லை. இதைவிடப் பொருத்தமான சொல் வந்தால் என்னுடையதைத் திரும்பப் பெறுகிறேன்.

குழாயை 'மூக்கு' என்று சொல்லலாம், கெண்டிக்கு இருக்கிறதே என்றவருக்கு: கெண்டியின் மூக்கு எப்போதும் திறந்தே இருக்கும். இதற்கு மூடியிருப்பதுதான் வேலை.